பேரும் டேட்டாதான்

எட்வர்டின் பாஸ்போர்ட் நகலை ஜெர்மனித் தலைமை அலுவலகம் கேட்ட நாளிலிருந்து வரதனுக்குச் சோறு இறங்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். வரதன் எச்.ஆர். பிரிவு, எட்வர்ட் லைன் சூப்பர்வைசர். கவரைப்பேட்டையில் அடுத்தடுத்த வீடு. இப்போது எட்வர்டுக்கு மட்டும் ஜெர்மனியில் மூன்று மாதப் பயிற்சி. வரதனுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

"எட்வர்ட் ஊட்டுக்காரம்மா ஸ்வெட்டர் வாங்கிக்கினு வந்துட்சு. நீ இன்னாத்த கிழிச்ச?" என்றாள் மனைவி அருணா. மே மாத வெயிலில் ஸ்வெட்டர்!

வரதன் கம்பெனி விதிப் புத்தகத்தைப் பிரித்தார். ஊழியரின் சொந்த விவரம் எதையும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அப்பாடா!

"ரூல் இடிக்குது சார்," என்று மேனேஜர் பரணிதரனிடம் கையை விரித்தார்.

"விதிவிலக்கு இருக்கே. அவரே சம்மதிச்சா அனுப்பலாம்."

எட்வர்ட் ஓடி வந்து கையெழுத்துப் போட்டார். "என் ஞானஸ்நான சர்டிபிகேட்டக்கூட அனுப்பிக்கோ வரதா!"

"மேனேஜருக்குப் பயந்து குடுக்கற சம்மதம் செல்லாது."

"பயமா? எனக்கா?" எட்வர்ட் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஷெட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மேனேஜர் இன்னொரு விதிவிலக்கைக் காட்டினார். டிக்கெட், விசாவுக்குத் தேவையான விவரம் என்றால் அனுப்பலாமாம். ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறக்கிறதே! வரதனுக்கு வெறியே வந்துவிட்டது. விதிவிலக்கு எதுவுமே இந்த ஆலைக்குக் கிடையாது என்று சுற்றறிக்கை எழுதி, ஆடிட் வருகிறது என்று பயமுறுத்தி மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

அன்று மதியம் டிக்கெட் வேலை பார்க்கும் வினோதா வந்தாள்.

"சார், இன்னொருத்தர் பாஸ்போர்ட்டும் கேக்கறாங்க. இன்னிக்கு சாயங்காலம்தான் கடைசி."

"இன்னொருத்தன் வேறயா? எவனா இருந்தாலும் கிடையாது!"

"யாருன்னு கேட்டுக்குங்க சார், அது வந்து..."

"வாயத் தொறக்காத! பேரும் பர்சனல் டேட்டாதான். முடியாதுன்னு மெயில் போடு."

வினோதா முழித்தாள். பிறகு போய் மெயில் போட்டாள். வரதன் கேன்டீனில் இரண்டு ரவுண்டு சோறு சாப்பிட்டார்.

அடுத்த வாரம் எட்வர்ட் ஸ்வீட் டப்பாவோடு வந்தார். வரதனுக்குப் பகீரென்றது.

"ஆபீஸ்லேருந்து எதுவும் போகலியே?"

"என் பாஸ்போர்ட்ட என் போன்லேருந்து நானே அனுப்பிட்டேன். அதுக்கு எந்த ரூலு குறுக்க வரும்? டிக்கெட் வந்துட்சு."

சொல்லிவிட்டு எட்வர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஜெர்மனி போகிறவனுக்கு இப்பவே திமிர் என்று வரதன் பல்லைக் கடித்தார். ஒன்று தப்பினாலும் ஒன்றைத் தடுத்துவிட்டோமே என்பதுதான் ஒரே ஆறுதல். அந்த ஆறுதலை ருசிக்க வினோதாவிடம் போனார்.

"யாரும்மா அந்த இன்னொருத்தன்? இப்ப சொல்லு, பரவால்ல."

"எட்வர்ட் அண்ணன் தனியா போகமாட்டேன்னு அடம் புடிச்சு, தலைமை ஆபீஸ்ல கெஞ்சி இன்னொரு சீட்டு வாங்கினாரு சார். நான் சொல்லத்தான் வந்தேன், நீங்கதான் உங்க பேரையே சொல்லக் கூடாதுன்னுட்டீங்க."