காலுக்கு முந்திய பிரேக்

“பிரேக்க மிதிச்சா சேத்துல கால் இறங்கற மாதிரி இருக்குப்பா. பேசாம ஸ்டீல் லைன் போட்டுடு” என்றார் மாஸ்டர்.

காருக்கு அடியில் கிடந்த மெக்கானிக் தலையை மட்டும் வெளியே நீட்டினான். “இது என்ன ரேஸ் வண்டியா மாஸ்டர்? ரப்பர் ட்யூப் பழசாயிடுச்சு. புதுசு போட்டு ஆயில் மாத்தினா போதும்.”

“உனக்கு அதெல்லாம் புரியாது.”

மாஸ்டர் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் ஒரே ஒரு கார். ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு ஒரு பிரேக். ஓட்டுகிறவர்கள் யாருக்கும் பிரேக் பிடிக்கத் தெரியாது, உலகமே தன் வலது காலை நம்பித்தான் நிற்கிறது என்பது அவர் எண்ணம். கொஞ்ச நாளாக, மேலே எஃகுக் கம்பி பின்னிய அந்த பிரேக் குழாய் கனவிலும் வந்து மின்னத் தொடங்கியிருந்தது. கனவில் வந்ததை வேண்டாமென்று சொல்ல மெக்கானிக் யார்?

மாட்டியாயிற்று. மாணவர்களை ஏற்றுவதற்கு முன் வீட்டு ஆளை வைத்துப் பார்த்துவிடலாம் என்று மனைவியை ஓட்டச் சொன்னார். சோதனைக்கென்றே வாய்த்த ஜீவன் அல்லவா மனைவி. அவளுக்கும் ஓட்டியாக வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை தயாராகக் காத்திருந்தது, லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை டெஸ்ட்.

காலைப் பனியில் தெரு பாதி கரைந்து கிடந்தது. மரங்கள் மெதுவாக வந்து மெதுவாகப் போயின. முனையில் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக் பெடலைத் தொட்டார். காற்றை மிதித்தது போலிருந்தது. கார் அலுங்காமல் நின்றது.

“பாத்தியா? தொட்டேன், நின்னுடுச்சு.”

“நானும் பிரேக் போட்டேங்க.”

“போட்ட மாதிரி உனக்குத் தோணும்.”

அவள் கியரை மாற்றினாள்.

இவ்வளவு நுட்பமான பிரேக்குக்குச் செருப்புக்கால் முரடு என்று மறுநாள் வெறுங்காலோடு வந்தார். அதற்கு அடுத்த நாள் கட்டைவிரல் மட்டும். நான்காம் நாள் வெயில் இதமாக மடியில் விழுந்ததில் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது கார் சிவப்பு விளக்குக்கு முன்னால் கோட்டைத் தாண்டாமல் நின்றிருந்தது.

“தூங்கினாலும் கால் தன் கடமைய மறக்கல பாரு.”

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பூனை குறுக்கே ஓடியது. அவர் காலைத் தூக்குவதற்குள் கார் நின்றுவிட்டது. பூனை திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்து போனது. மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“நான் மிதிக்கவே இல்ல. நெனச்சேன், அவ்வளவுதான்.”

“அதாங்க நான்…”

“நீ சும்மா இரு. டெஸ்ட்ல என் சீட்டுல வேற ஆள் உட்காருவான். அவன் நெனப்பானா? நீ போய் எதிலயாவது முட்டி நிப்ப. வெள்ளிக்கிழமை வேணாம். தள்ளிப் போட்டுடலாம்.”

அவள் எஞ்சினை அணைத்தாள். “தள்ளிப் போட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க. எத்தன வருஷமா இந்த ஒரு வேலைக்காக ஏங்கறேன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?”

தெரியும். அதனால்தான் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அவள் உயிராயிற்றே. பிரேக்கைக் கொஞ்சம் மந்தமாக்கி அவளுக்குப் பழக்கிவிடலாம் என்று காரை மெக்கானிக்கிடமே விடச் சொன்னார். சந்து முழுக்க வண்டிகள். அவள் வளைந்து வளைந்து போய் பட்டறை வாசலில் பூப்போல நிறுத்தினாள்.

“பிரேக் என் மனசப் படிக்குதுப்பா. அந்த ஸ்டீல் லைனக் கழட்டிடு” என்றார் மாஸ்டர்.

மெக்கானிக் அவர் காலருகே டார்ச்சோடு குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது மாஸ்டரை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தான்.

“லைன் மாத்தறப்போ மாஸ்டர் பெடலோட கேபிளக் கழட்டினேன்க்கா, திரும்ப மாட்டவே மறந்துட்டேன். இத்தன நாளும் இந்த வண்டியில இருந்தது உங்க பிரேக் மட்டுந்தான்.”