முப்பத்தோராவது முறை

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் இனி என் நாக்கில் ஒரு சொட்டுப் பீர் படாமல் போகட்டும். எங்கள் குல்லாபாங் ஊரில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

நோரீன் ஹாகர்ட்டியின் பாரில் ஒரு முக்காலி நாற்பது வருடமாக என்னுடையது. போன கோடையில் கட்டடத்துக்குச் சொந்தக்காரன் வந்தான். "வாரம் ஒரு ஆபீஸ் கும்பலாவது வரணும். இல்லேன்னா நாய்க்கு முடி வெட்டுற கடைக்கு இடத்தை விட்டுடுவேன்" என்றான்.

ஆபீஸ்காரர்கள் இப்போதெல்லாம் குடிக்கப் போவதில்லை. அனுபவம் பெறப் போகிறார்கள். ஆகவே நோரீன் சுவரில் மரப்பலகை அடித்து, பத்துக் கோடரி வாங்கி, 'கோடரி எறிந்து குழு ஒற்றுமை வளர்ப்பீர்' என்று வாசலில் எழுதி வைத்தாள். நகரசபையின் நல்லுறவுப் பிரிவு முப்பது பேருக்கு இடம் கேட்டது. முன்கூட்டியே பார்வையிட வந்தார் பிரிவுத் தலைவர் டெஸ்மண்ட் ப்ரௌஸ்.

"கோடரி கூரா இருக்கே, மேடம்."

"கோடரின்னா அப்படித்தான் சார் இருக்கும்."

"விதியில இடமில்லையே."

ரப்பர் கோடரி வந்தது. எகிறும் என்றார். நோரீன் துணியில் தைத்தாள். எறிவதே ஆபத்து என்றார். வெள்ளிக்கிழமை பிற்பகல் முப்பது அதிகாரிகள் கழுத்தில் அட்டை தொங்க வரிசையில் நின்று, துணிக் கோடரியைப் பலகையிடம் பணிவுடன் ஒப்படைத்தார்கள். ஆயுதம் உள்ள அறையில் மது ஆகாது என்பதால் எல்லோருக்கும் எலுமிச்சைத் தண்ணீர்.

மதுவோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பதால் என்னையும், என் கூட்டாளி கெவ்வையும், முக்காலியோடு பக்கத்து முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். டெஸ்மண்ட் வேலிக்கதவு வழியே எட்டிப் பார்த்தார்.

"இங்க என்ன அனுபவம் நடக்குது?"

"அனுபவமா? இப்ப கெவ்வோட முறை சார். இவன் எல்லாருக்கும் வாங்குவான், அடுத்து நான் வாங்குவேன். தன் முறை வர்றதுக்குள்ள நழுவுறவனை இந்த ஊர்ல நாய்கூட மதிக்காது."

"நம்பாதீங்க சார்," என்றான் கெவ். "இவன் முறை வந்தா மட்டும் இவனுக்கு முட்டி வலிக்கும்."

டெஸ்மண்டுக்குக் கண் கலங்கியது. "குழு ஒற்றுமை! இதைத்தான் நாங்க தேடினோம்!"

முறை வைத்துப் பீர் வாங்க அங்கேயே ஒரு கோப்பு திறக்கப்பட்டது. முப்பது பேர், முப்பத்தோராவதாக 'அனுபவ வழிகாட்டி' கிளாரி, அதாவது நான். "எனக்கு?" என்றான் கெவ். படிவத்தில் இடமில்லை.

ஒரே ஒரு சிக்கல். சக ஊழியர் வாங்கித் தரும் பீர், அன்பளிப்பு. அன்பளிப்புக்கு அனுமதி வேண்டும். அனுமதிப் பிரிவு வாரத்துக்கு ஒன்றுதான் கொடுக்கும். எனவே ஒரு வெள்ளிக்கு ஒருவர் முறை. முப்பது வெள்ளிக்கிழமைகள் வந்தார்கள். கட்டடக்காரன் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்த வாயை மூடவில்லை.

முப்பதாம் வெள்ளி, டெஸ்மண்ட் தன் முறையை முடித்துவிட்டுக் கோப்பைப் புரட்டினார். "அடுத்த வாரம் வழிகாட்டி வாங்குவார். அத்தோட கோப்பை மூடிடலாம்."

நோரீன் என் காதைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"யோவ் கிளாரி, நீ வாங்கினா கோப்பு மூடிடும். கோப்பு மூடினா பார் மூடிடும்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"முட்டி வலிக்குதுன்னு ஓடிப் போ."

"எத்தனை நாளைக்கு?"

"நான் சாகிற வரைக்கும்."

நாற்பது வருடத்தில் முதல் தடவையாக, அன்று எனக்கு முட்டி வலிக்கவே இல்லை. வாங்கித் தந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் நொண்டிக்கொண்டே வெளியேறினேன்.

இன்றும் வெள்ளி தவறாமல் வருகிறார்கள். பலகையிடம் கோடரியை ஒப்படைக்கிறார்கள். முற்றத்தில் என் முக்காலியைக் காலியாக விட்டுச் சுற்றி உட்கார்ந்து, 'வழிகாட்டி வரவில்லை. ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதுகிறார்கள். காத்திருக்கையில் அவரவர் வாங்கிக் குடிப்பது அன்பளிப்பு ஆகாதாம். ஆகவே நிறையவே குடிக்கிறார்கள். மற்றப் பிரிவுகளும் கேள்விப்பட்டு, 'காத்திருப்பு அனுபவம்' வேண்டுமென்று வரிசையில் நிற்கின்றன. கெவ்வின் நாய் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நான் ஒளிந்திருக்கும் எதிர்த்தெருத் தேநீர்க் கடையில் பீர் கிடையாது; வேலிக்கு மேலாக என் முக்காலி மட்டும் நன்றாகத் தெரியும். சத்தியம் செய்யும்போது கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கலாம்.

யாரிடம் கேட்டாய் என்று எவராவது கேட்டால், கிளாரி என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் அகப்பட்டால் கோப்பு மூடிவிடும்.