கடைசி ஆட்டம், இந்த வருடமும்

ஓய்வு பெறும் ரக்பிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஓய்வு பெற்றவர் அல்ல, பெற்றுக்கொண்டே இருப்பவர். எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் ஊருக்கு ஒருவராவது அகப்படுவார். எங்கள் ஊர்க்காரர் பெயர் யெஸ்டின். வயது முப்பத்தேழு, அவர் ஒப்புக்கொள்வது முப்பத்தைந்து.

எப்படி அடையாளம் காண்பது? காதைப் பாருங்கள். பதினாறு வருடம், இரண்டு அணியும் குனிந்து தலைகோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் தலையைக் கொடுத்து முட்டிய காது, பிசைந்த கையோடு மறந்துவிட்ட மாவு மாதிரி இருக்கும். கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, ஆளே திரும்புவார். பெரிய கிளப்பில் எட்டு வருடம், பிரான்சில் மூன்று, பிறகு பேர் தெரியாத ஊர்களில் ஒவ்வொன்றாக, கடைசியில் சொந்த ஊர்க் கிளப்பில், முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டே, "உடம்பு இப்பதான் செட்டாகுது" என்று ஒவ்வொரு மே மாதமும் சொல்லிக்கொண்டே வந்திருப்பார். எதற்கு செட்டாகிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த மே மாதம் விஷயம் விபரீதமாகிவிட்டது. வலது கை விரல்கள் மரத்துப்போயின. கழுத்தில் இன்னொரு அடி விழுந்தால் அந்தக் கையே போய்விடும் என்றார் டாக்டர்.

"இப்பவாவது நிறுத்துவியா?" என்று கேட்டார் மனைவி மாரெட்.

"சத்தியமா, சனிக்கிழமையோட சரி."

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி டிரை வைத்தபின், கூடுதல் புள்ளிக்காக அதைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது ஒல்லியான, தலை வாரிய ஆட்களின் வேலை. முன்வரிசைக் குண்டர்களை அதன் பக்கமே விடமாட்டோம். விடைபெறும் நாளில் மட்டும் அந்த உதையை அவர்களுக்குப் பரிசாகக் கொடுப்போம். அவர் தவறவிட வேண்டும், கூட்டம் சிரிக்க வேண்டும், அவர் அழ வேண்டும், எல்லாரும் பியர் குடிக்கப் போக வேண்டும். விவரம் தெரிந்தவர் தவறவிடுவார்.

யெஸ்டின் உதைத்தார். பந்து குறுக்குக் கம்பியில் பட்டு, சற்று யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது.

போச்சு.

கிளப் பாரில் இளம் கேப்டன் டைனியோல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "யோவ் தாத்தா, பதினாறு வருஷமா இதை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தே?"

எல்லாரும் சிரித்தோம். யெஸ்டின் சிரிக்கவில்லை. ஆளே கோச் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் ஸ்க்ரம் வேணாம் கோச். உதைக்க மட்டும் வர்றேன். கைதானே போச்சு, கால் நல்லாத்தானே இருக்கு?"

உதைப்பவரையும் ஓடிவந்து சாய்ப்பார்கள் என்பது கோச்சுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றிய அந்த மனிதருக்கும் இது ஐந்தாவது கடைசி வருடம். "பாக்கலாம்" என்றார்.

மாரெட் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீ ஆடு. பாக்க நான் வரமாட்டேன். எனக்கு பயமா இருக்கு, யெஸ்டின்."

யெஸ்டின் புன்னகைத்தார்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

உண்மைதான். சொன்னார், ஒரு ஆட்டம் விடாமல் வந்தும் உட்கார்ந்தார். கிளப் மலரில் யெஸ்டினுக்கு மூன்றாவது முறையாகப் பிரிவுரை எழுதியிருக்கும் நான் மட்டும் என்ன யோக்கியம்?

உங்களுக்கு ரக்பியே தெரியாதா? நிம்மதி. ஆனால் இந்த வருடத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்று நீங்களும் வீட்டில் எதையோ சொல்லி வைத்திருப்பீர்களே, அது எத்தனையாவது வருடம்? நினைவில்லை என்றால் வீட்டிலேயே கேளுங்கள். அவர்கள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.