பூச்சி மாத்திரை

தையல்காரிக்கு அடிவயிற்றில் வலி, கூடவே காய்ச்சல். மாமியாருக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

"தலை சுத்துதா? குமட்டுதா?"

"இல்ல அத்தை, வலிதான்."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்!"

எதன் ஆரம்பம்? தையல்கடை காலூன்றும்வரை குழந்தை வேண்டாமென்று அவளும் கணவனும் பேசிவைத்திருந்தார்கள். அவள் சாப்பிடும் கருத்தடை மாத்திரை அட்டை பொத்தான் டப்பாவுக்குள் பதுங்கியிருந்தது. மாமியாருக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும்.

டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார். "கர்ப்பப்பையில கிருமித்தொற்று. கருக்குழாய் வரைக்கும் போயிருக்கு."

"நான்தான் தினமும் மாத்திரை போடுறேனே டாக்டர்!"

"அது கரு தங்காமப் பாத்துக்கும்மா. கிருமிய எங்க தடுக்கப்போகுது? இப்ப தர்ற மாத்திரைய ஒண்ணு விடாம முடி. பாதியில விட்டா குழாய் அடைச்சுக்கும், பின்னால நீயே ஆசைப்பட்டாலும் குழந்தை உண்டாகாம போயிடலாம். வீட்டுக்காரரும் சாப்பிடணும், இல்லேன்னா அவர்கிட்டேருந்து உனக்குத் திரும்ப ஒட்டிக்கும்."

அவளுக்குப் பகீரென்றது. இப்போது வேண்டாம் என்றுதானே நினைத்தாள்? எப்போதுமே வேண்டாமென்றா நினைத்தாள்?

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக மாத்திரை விழுங்குவதை மாமியார் பார்த்துவிட்டார்.

"அவளுக்கு வயித்துவலி, சரி. உனக்கென்னடா வந்துச்சு?"

பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. "பூச்சி மாத்திரைம்மா," என்று உளறினான்.

"பூச்சின்னா வீட்டுல எல்லாரும்தானே சாப்பிடணும்? எனக்கும் அப்பாவுக்கும் எங்க?" மாமியார் கையை நீட்டினார். மூலை நாற்காலியில் மாமனார் பேப்பருக்குள் மூழ்கியிருந்தார்.

தையல்காரி மாத்திரைகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "இதுல ஒண்ணு குறைஞ்சாலும் என் கதி அதோகதிதான்," என்று கணவன் காதில் கிசுகிசுத்தாள். "அவங்களுக்கு வேற ஏதாவது குடுங்க!"

அந்த மகராசன், கேட்ட வேகத்தில் பாய்ந்து பொத்தான் டப்பாவைத் திறந்தான். அட்டையிலிருந்து ஒரு குட்டி மாத்திரையைப் பிதுக்கி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான்.

அடப்பாவி! இதைத்தானா கொடுப்பான்? தையல்காரி பொத்தான் டப்பாவைச் சட்டென்று மூடினாள்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாத்திரையைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் மருமகளைப் பார்த்தார்.

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே மனைவியிடம் சொன்னார்:

"அதை மருமககிட்டயே திருப்பிக் குடுத்துடு. எங்கம்மாகிட்ட நீயும் இதத்தானே பூச்சி மாத்திரைன்னு சொல்லிச் சாப்பிட்டே?"