பத்து மணிக்கு இளகும் விரல்கள்

இடியப்ப உரலைப் பத்மாசனி மூன்றாம் முறையும் அழுத்தினாள். மா இறங்கவில்லை, விரல்கள்தான் உயிர்போக வலித்தன. இரண்டு மாதமாக இதே பாடு. விடிய எழும்பினால் விரல் மொளிகள் வீங்கி, பத்து மணிவரை கை மடங்காது. வட்டக்கச்சியில் நாலு தேத்தண்ணிக் கடைகள் அவள் இடியப்பத்தை நம்பியிருந்தன. அவள் கையை நம்பியிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பதாகை தொங்கியது: ‘காலையில் அரைமணிக்கு மேல் மூட்டு விறைப்பா? தாமதிக்காதீர்கள்!’ அதில் முக்கால்வாசி டொக்டரின் படம். வாத நோயை முளையிலேயே பிடிப்பது பற்றி வவுனியாவில் அரைநாள் கருத்தரங்கில் இருந்துவிட்டு வந்தவர்.

பத்மாசனி தாமதிக்கவில்லை. ஆறரைக்கே போய் முதலாம் நம்பர் எடுத்தாள். டொக்டர் பத்து மணிக்கு வந்தார். அதற்குள் விரல்கள் இளகிவிட்டன.

“கையைப் பொத்துங்கோ பாப்பம்.”

பொத்தினாள்.

“எங்கை விறைப்பு?”

“அது விடியத்தான் டொக்டர்.”

“இப்பென்ன விடியவோ?”

பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கேட்டாள். கண்டவைக்கெல்லாம் கடிதம் எழுதத் தான் தபால் கந்தோர் இல்லை என்றார்.

மறுநாள் விடிய மகள் ராஜினி அந்தக் கையை போனில் படமெடுத்துக் கொடுத்தாள். டொக்டர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, நடிப்பு நல்லாயிருக்கிறது என்றார். இரத்தம் சோதித்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை.

“ரத்தம் நல்லமெண்டாலும் மொளி வீங்கினால் அனுப்பவேணும் டொக்டர். உங்கடை பதாகையிலையே அடியிலை சின்ன எழுத்திலை கிடக்கு” என்றாள் தாதி பிரேமிளா.

“படத்துக்குக் கீழை உள்ளதை நான் வாசிக்கிறேல்லை.”

பத்மாசனியின் கிளினிக் கொப்பியில் ‘மனப்பயம்’ என்று எழுதி, ஒரு போத்தல் விற்றமினும் கொடுத்தனுப்பினார். அதன் மூடியைப் பத்து மணிவரை அவளால் திறக்க முடியவில்லை. நாலு கடைகளில் இரண்டு வேறு ஆளைப் பிடித்துவிட்டன.

இனிப் பொறுக்க முடியாது. கை இளகுமுன் டொக்டரின் கண்ணுக்குள் காட்டிவிட வேண்டும். காலை ஆறு மணிக்கு ராஜினியின் ஸ்கூட்டியில் ஏறி அவர் குவாட்டர்சுக்கே போனாள். படலையை முழங்கையால் தள்ளினாள். கதவையும் முழங்கையாலேயே தட்டினாள்.

டொக்டரின் மனைவி சுகந்தினி எட்டிப் பார்த்தாள். பத்மாசனி இரண்டு கையையும் நீட்டினாள்.

“டொக்டரை ஒருக்கா எழுப்புங்கோ தங்கச்சி. இந்தக் கையை அவர் இப்ப பாக்கவேணும்.”

சுகந்தினி அந்த விரல்களைப் பார்த்தாள். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“பத்து மணிக்குப் பிறகு வாங்கோ அக்கா. அதுவரைக்கும் இவருக்கும் கை மடங்காது, சேட்டுப் பொத்தானும் நான்தான் பூட்டிவிடுறனான்.”