உச்ச வேகம் பத்து

திங்கட்கிழமை பட்டறைக்குத் தாமே காரோட்டிச் செல்வதென்று கார் என்ஜின் டியூனிங்காரர் சபதம் செய்தார். சென்ற மாதம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அவருக்கு வலிப்பு வந்து, கார் பேருந்து நிறுத்தத்தின் மீது ஏறியது. பெஞ்சில் அப்போது எவரும் இல்லை. ஓராண்டுக்குக் காரைத் தொடக் கூடாதென்றார் மருத்துவர். ஊரில் பாதி என்ஜின்களைத் திருத்தியவனுக்கா தடை என்று இவர் பொருமினார்.

மனைவி வாதாடவில்லை. என்ஜினின் கம்ப்யூட்டரில் காரின் உச்ச வேகத்தை மணிக்குப் பத்துக் கிலோமீட்டராகக் குறைத்துவிட்டாள். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறாளே என்று அவர் சிரித்தார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பவை வெறும் எண்கள். எந்த எண் எரிபொருளுக்கு, எந்த எண் வேகத்துக்கு என்று காட்டுவது டெஃபனிஷன் ஃபைல் என்னும் விலாசப் பட்டியல். பதினெட்டு ஆண்டுகளாக அவர் சொல்லச் சொல்ல அப்பட்டியல்களைத் தட்டச்சு செய்பவள் அவளே. ஒரு பிழை வந்ததில்லை. அவர் ஒருநாளும் சரிபார்த்ததுமில்லை.

சனிக்கிழமை அவள் கடைக்குப் போனதும் மடிக்கணினியில் அவளது பட்டியலைத் திறந்தார். 'உச்ச வேகம்: 10' என்றிருந்தது. நூற்றெண்பதாக்கிக் காரில் ஏற்றினார். கார் நத்தையாக ஊர்ந்தது. நிறுத்திய பிறகோ, ரேடியேட்டர் விசிறி மூன்று நிமிடம் ஓலமிட்டது. இருநூற்றைம்பதாக்கினார். அதே நத்தை, ஓலம் நான்கு நிமிடத்துக்கு நீண்டது. அது அடங்குமுன் மனைவி பையோடு வாசலில் நின்றாள்.

"ஏங்க, வேகம் ஏறலையா?"

"விலாசத்தைத் தப்பா அடிச்சிருக்க."

"தப்பா அடிக்கல. வேகம்னு பேர் போட்டு, விசிறியோட விலாசத்தைக் கொடுத்தேன். வண்டி நின்னப்புறம் விசிறி பத்து செகண்டு ஓடும். அதுக்குப் பொருத்தமாத்தான் வேகத்தையும் பத்துன்னு வச்சேன். இல்லன்னா சந்தேகப்படுவீங்களே."

சரியான பட்டியல் எங்கே என்று கேட்டார். தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றாள். காரும் சாவியும் என்னுடையவை என்று அவர் குரலை உயர்த்தினார். அவள் உயர்த்தவில்லை.

"அன்னிக்குப் பக்கத்து சீட்டுல நான்தான் இருந்தேன். கண்ணு செருகி, வாயில நுரை தள்ளி, உங்க கால் ஆக்சிலேட்டரை விடவே இல்ல. இழுத்துப் பார்த்தேன், வரல. உங்களுக்கு ஞாபகம் இல்ல. எனக்குத்தான் இருக்கு."

அவர் கார் சாவியை அவளது பைக்குள் போட்டார்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போகும் பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. மனைவி நாலு பேரிடம் கேட்டு, முதியோருக்கான இருக்கையில் அவரை உட்கார வைத்தாள்.