தலைவர் குளித்த தண்ணீர்

ஒரு சமூகம் முன்னேறிவிட்டதா என்று அறிய வேண்டுமானால், அது தரையில் படுப்பதற்குக் காசு கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்பத்தேழாம் ஆண்டு பனிக்காலத்தில் எங்கள் டோர்செட் பார்க் தமிழ் நலன்புரிச் சங்கம் அந்த உயர்நிலையை எய்தியது. அஜக்ஸ் நகருக்கு அப்பால் ஒரு ஜப்பானிய அம்மா தம் நாட்டு வெந்நீரூற்று விடுதி மாதிரியே ஒன்று நடத்துகிறாராம். நாகரிகம் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கே ஓரிரவு தங்குகிறார்களாம். தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா இதைக் கேள்விப்பட்ட அடுத்த வாரமே வாடகைக்கு ஒரு வான் பிடித்துவிட்டார்.

ஊற்று கிடையாது, கொதிகலன்தான். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். பாயில் இருத்தினார்கள். படுக்க நிலத்தில் மெத்தை விரித்தார்கள். சோபா இல்லாத வீட்டுக்கு ஆளைக் கூப்பிட வெட்கப்படுகிற நாங்கள், "என்ன பண்பாடு!" என்று வியந்தோம்.

எங்களில் உண்மையான தேவையோடு வந்தவர் பரிமளம் அக்கா ஒருவர்தான். தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குனிந்து நின்று துணி வெட்டுகிறவர். நாரி நோவால் இடுப்பை நிமிர்த்த முடியாது. கழுத்துவரை சுடுதண்ணீரில் இருந்தால் சுகம் வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவருடைய அப்பார்ட்மென்ட் தொட்டியிலோ முழங்கால் நனைந்தால் வயிறு நனையாது.

விடுதித் தொட்டி மரத்தாலானது. பத்துப் பேர் இருக்கலாம்.

"முதலில் வெளியே நன்றாகக் கழுவுங்கள். பெண்கள் ஒருமுறை, ஆண்கள் ஒருமுறை, எல்லாரும் சேர்ந்து இறங்கலாம். உடுப்பு வேண்டாம். இதே தண்ணீர்தான் எல்லாருக்கும், அடைப்பைத் திறந்துவிடாதீர்கள். திரும்ப நிரப்பிச் சூடாக்க ஓரிரவு பிடிக்கும்" என்றார் விடுதிக்கார அம்மா.

'உடுப்பு வேண்டாம்' என்றதும் சபை அங்கேயே கூடியது. செயலாளர் அன்புராசா அவசரப் பிரேரணை கொண்டுவந்தார்: ஒவ்வொருவராக, பதவி வரிசைப்படி.

"தம்பி, என்ரை முறை எப்ப?" என்று பரிமளம் அக்கா கேட்டார்.

"நீங்கள் சாதாரண அங்கத்தவர் அக்கா. நடப்பு நிர்வாகம், போசகர்மார், முன்னாள் தலைவர்மார் முடிய வரும்."

"முன்னாள் தலைவர் எத்தினை பேர் வந்திருக்கினம்?"

"வந்த ஆம்பிளையளிலை உங்கடை மனுசனைத் தவிர எல்லாரும்."

வரவேற்புரை முடிந்து தலைவர் உள்ளே போனார். நெடுநேரம் கழித்துக் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. சிவந்த முகத்தோடு வெளியே வந்து கைகூப்பினார்.

"தண்ணியைத் திறந்து விட்டிட்டன். நான் ஊறின தண்ணியிலை நீங்கள் இறங்கிறதோ? அது சபைக்கு அவமரியாதை."

விடுதிக்கார அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பரிமளம் அக்கா துவாயைப் பிடித்தபடி நின்றதைப் பார்க்க எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தலைவரோடு கோபிக்கச் சங்க யாப்பு விதிகளில் இடமில்லை. ஆகவே, தலைவரின் இவ்வரிய பண்பை அங்கத்தவர் அனைவரும் பின்பற்றுவதென ஒரு தீர்மானம் வந்தது. நான் வழிமொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. பரிமளம் அக்காவும் கை தூக்கினார்; நாரி விட்ட அளவுக்கு.

இரவே திரும்ப நிரப்பிய தண்ணீர் விடியச் சூடாகிவிட்டது. துவாயும் கையுமாகப் பதவி வரிசையில் நாங்கள் போய் நின்றபோது குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"அக்கா, இது உபதலைவற்றை முறையெல்லோ!" என்று அன்புராசா கதவைத் தட்டினார்.

"அவருக்கு நாரி நோகுதோ எண்டு கேளுங்கோ."

உபதலைவருக்கு நோகவில்லை. காத்திருந்தோம். வான்காரன் வெளியே ஹோர்ன் அடிக்கத் தொடங்கினான்.

கடைசியில் கதவு திறந்தது. பரிமளம் அக்கா நிமிர்ந்து நடந்து வந்தார். அவர் இவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"நல்ல சூடு. போன உயிர் திரும்பி வந்திட்டுது" என்றார்.

உபதலைவர் ஓடிப்போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, தண்ணி எங்கை?"

"திறந்து விட்டிட்டன். இராத்திரித் தீர்மானத்துக்கு எல்லாரும்தானே கை தூக்கினனீங்கள்?"

நாங்கள் துவாயை மடித்தோம். தலைவர் மட்டும் கைதட்டினார். அவர் குளித்துவிட்டவர்.